சந்தனப் பொட்டு வைத்த பிஸ்டல்

பகல் பன்னிரண்டு இருபது. தோட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர். அதன் மஞ்சள் டாங்கில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கத்தில் இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, வாழைத்தார் வெட்டும் அரிவாள்கள், மோட்டார் கழற்றும் ஸ்பேனர்கள். எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. வரிசையின் நடுவே ஒரு மணைப்பலகை, அதன்மேல் சிவப்புத் துணி. துணியின்மேல் எதுவும் இல்லை. பலகைக்கு இந்தப் பக்கம் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் இரத்தம் உறைந்து கிடந்தது.

ஆயுத பூஜை நாள். ஜெயமங்கலத்துக்கு வெளியே, வாழையும் தென்னையும் உள்ள தோட்டம். அண்ணன் குருசாமியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. தம்பி வீரணனைக் காரில் தூக்கிப் போட்டு, க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். பலகைமேல் இருந்த பிஸ்டல் போலீசின் கையில் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆயுத பூஜைக்கு அச்சகத்துக்கு விடுமுறை. மறுநாள் பேப்பர் வராது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான். இப்போது எல்லாப் பேப்பருக்கும் இணையப் பதிப்பு இருக்கிறது, அதற்கு விடுமுறை கிடையாது. போன வாரம் தேனியில் இரண்டு இளைய நிருபர்கள், "ஒரு நாள் பூராவும் செய்தியைக் கையில வச்சுக்கிட்டு எப்படிக்கா இருந்தீக?" என்று சிரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் நிருபர் வேலைக்கு வந்தபோது இந்த மாவட்டத்தில் பெண் நிருபர் வேறு யாரும் இல்லை. கையில் பேனாவோடு போனால் டீச்சர் என்றே நினைப்பார்கள். சில ஊர்களில் கணக்கெடுக்க வந்தவள் என்று ரேஷன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். முதல் சில ஆண்டுகள் அணை நீர்மட்டம், கம்பம் திராட்சை விலை, போடி ஏலக்காய் ஏலம், குமுளி மலைப்பாதை விபத்து. அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொடுத்தது இவை அல்ல. மதுரையில் இருந்த செய்தி ஆசிரியர் தங்கவேலு சாரின் தொலைபேசி.

அவர் போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "வாசி" என்பார். வாசிப்போம். நடுவில் "ம்" வராது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஏதோ ஓர் இடத்தில் "நிறுத்து" என்பார். அதற்குப் பிறகு எப்போதும் ஒரே கேள்விதான்: "பாத்தியா, கேட்டியா?" பார்த்தது என்றால் எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்பார். கேட்டது என்றால் சொன்னவர் அங்கே இருந்தாரா என்று கேட்பார். ஒருமுறை "கூறப்படுகிறது" என்று எழுதியிருந்தேன்.

"யாரு கூறுனா?"

"ஊர்ல எல்லாரும் சொல்றாங்க சார்."

"எல்லாரும்னு ஒருத்தன் இருந்தா அவன் பேரு, அப்பன் பேரு கேட்டு எழுது. இல்லேன்னா அடி."

அடி என்றால் அந்த வரியை அடித்துவிடு என்று பொருள். கோபித்துக்கொண்டு அவர் பேசியதில்லை. மிளகாய் விலை கேட்கிற தொனியிலேயே எதையும் கேட்பார்.

இனி தோட்ட வீட்டுக்கு வருகிறேன்.

வாசலில் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் நின்றிருந்தார். நான் கேட்காமலே சொன்னார். "பாகம் பிரிக்கிறதுல தகராறு. தம்பி அளக்கணும்ங்கிறான், அண்ணன் இப்ப வேணாம்ங்கிறாரு. மூணு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. இன்னைக்குப் பூசைன்னு வந்தான். வந்தவனப் போட்டுட்டாரு."

"நீங்க அங்கன இருந்தீங்களா?"

"நான் எங்க இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் வந்தேன். தென்னை மரம் இடி விழுந்து முறிஞ்சாப்புல இருந்துச்சு."

டிவிக்காரர்கள் எனக்கு முன்பே வந்து போய்விட்டார்கள். அவரை வைத்து அதே வாசகத்தைப் படமும் எடுத்திருந்தார்கள். சாயங்காலம் அது "தம்பியைச் சுட்ட அண்ணன்" என்று ஓடியது.

குருசாமியின் மனைவி போதுமணி அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார். நான் தண்ணீர் கேட்டேன். எழுந்து கொடுத்தார், கொடுத்த பிறகு பேசினார்.

"பேப்பர்க்காரகளா? எழுதுங்க. ஆனா கேட்டுட்டு எழுதுங்க. அது எங்க வீட்டுக்காரரோட தாத்தா காலத்துச் சாமான். கொடைக்கானல்ல இருந்த ஒரு துரை ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனாக. லைசென்சு எல்லாம் இருக்கு. அது என்னைக்கு ஒழுங்கா வெடிச்சுச்சு? தாத்தா பன்னிய சுடப் போனாக, வெடிக்கல. மாமனாரு ஒரே ஒரு தரம் சுட்டாக, கை தலைக்கு மேல தூக்கிருச்சு, அதுக்குப் பெறகு சிக்கிக்கிருச்சு. நாங்க அதுக்குத் திக்குவாயன்னு பேரே வச்சிருக்கோம்."

"அப்புறம் ஏன் குண்டு போட்டு வச்சிருந்தீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"பூசைக்குங்க. வெறுந்துப்பாக்கியவா சாமி முன்னால வைக்கிறது? நெறகொடம் வைக்கிற எடத்துல வெறுங்கொடத்த வைப்பீகளா? வருசா வருசம் தோட்டாவுக்கும் பொட்டு வச்சு, உள்ள போட்டு, கும்பிட்டு, மறுநாள் எடுத்து டப்பாவுல வைப்பாக. தாத்தா சொன்ன மொறை."

பூஜையின் முறையையும் அவரே சொன்னார். மூத்தவர் பிஸ்டலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். இளையவர் எதிரே நின்று அதன் உடம்பு முழுக்கச் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்க வேண்டும். அண்ணன் தம்பி இல்லாமல் அது நடக்காது. பேச்சுவார்த்தை இல்லாத தம்பி அன்று வந்தது அதற்காகத்தான்.

"உங்க வீட்டுக்காரர் நெத்தியில காயமாமே? ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்கன்னு போலீஸ்ல சொல்றாங்க."

"அடிக்கவே இல்ல. வெடிச்ச ஒடனே ரத்தம் வந்துச்சு. எங்க மாமனாருக்கும் இதே எடத்துல தழும்பு உண்டு. ஏன்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. எழுதிக்கொண்டேன்.

மருத்துவமனையில் வீரணன் அறுவைச் சிகிச்சை அரங்கில் இருந்தார். குண்டு இடது தோள்பட்டைக்குக் கீழே நுழைந்து முதுகுப்புறம் வெளியேறியிருந்தது. இரத்தம் நிறையப் போயிருந்தது. வெளியே அவருடைய மனைவி சித்ரா, கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நெலத்தக் கேட்டதுக்கு உசுரக் கேட்டுட்டாக." தம்பி பிழைக்காவிட்டால் குருசாமி மேல் கொலை வழக்கு. பிழைத்தால் கொலை முயற்சி. எப்படி என்றாலும் மறுநாள் பகலுக்குள் நீதிபதி முன்னால் நிறுத்திச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு வெளியே வர மாதக்கணக்கு ஆகும்.

சாயங்காலம் தங்கவேலு சாரின் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். விடுமுறை நாளிலும் "வாசி" என்றார். வாசித்தேன். எனக்குத் தெரியாமலே முதல் வரி "சொத்துத் தகராறில்" என்று தொடங்கியிருந்தது.

"நிறுத்து. தகராறப் பாத்தியா?"

"இல்ல சார். இருக்குன்னு அவங்க வீட்டுலயே சொல்றாங்க."

"இருக்கட்டும். தகராறு மூணு மாசமா இருக்கு. சுட்டது இன்னைக்கு. ரெண்டுக்கும் நடுவுல நீ ஒரு 'இல்' போட்டு முடிச்சுப் போடுற. அந்த முடிச்சு யாரு போட்டது?"

நான் அந்த வரியை அடித்தேன்.

"துப்பாக்கியப் பாத்தியா?"

"இல்ல சார். ஸ்டேஷன்ல இருக்கு."

"நாளைக்குப் பேப்பர் இல்ல. பாத்துட்டு எழுது."

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நிதானமானவர், என்னைப் பல ஆண்டுகளாகத் தெரியும். பின்முற்றத்தில் ஒரு மணல் வாளியைச் சுற்றி நாலைந்து காவலர்கள் தள்ளி நின்றிருந்தார்கள். குழலை மணலுக்குள் புதைத்து, பிடி மேலே தெரியும்படி பிஸ்டல் வாளியில் நின்றது. மேலே, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பூட்டு பாதி திறந்திருக்க, இடுக்கில் ஒரு தோட்டா சாய்ந்து சிக்கியிருந்தது. உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறது, எப்படி எடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தேனி ஆயுதப்படையிலிருந்து, துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

"மேடம், அங்கன தூண் பக்கம் நில்லுங்க. படம் வேணாம். பாக்கலாம்."

ஆர்மரர் சப்-இன்ஸ்பெக்டர் பால்சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, நெற்றியில் விபூதி. வாளியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து பிஸ்டலின் பக்கவாட்டில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார். நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"சார், இதப் படத்துலதான் பாத்திருக்கேன். டிரெயினிங்ல ஒரு வாத்தியாரு காட்டுனாரு. மார்ஸ். நூறு வருசத்துக்கும் மேல ஆச்சு. ரொம்பக் கொஞ்சம்தான் செஞ்சாக. அந்தக் காலத்துல இதவிட வேகமான பிஸ்டல் கெடையாது. பட்டாளத்துக்காரன் வாங்கிச் சுட்டுப் பாத்துட்டு, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டான்."

"ஏன்?"

"ஒதைக்கும். சிக்கும். ஒருதரம் சுட்டவன் ரெண்டாந்தரம் தொட மாட்டான். இன்னைக்கு இத வெலைக்குக் கேக்க வெளிநாட்டுல வரிசையில நிப்பான். சுடச் சொன்னா ஒருத்தன் நிக்க மாட்டான்."

"மார்ஸ்னா என்னங்கய்யா?" என்றார் ஒரு காவலர்.

"செவ்வாய்."

"அதான பாத்தேன். தோசம் உள்ள வீட்டுக்குத் தோசம் உள்ளதா வந்து சேந்திருக்கு."

"ஏலே, சும்மா இரு" என்றார் ஏட்டு. ஆனால் அவரும் சிரித்துவிட்டார்.

பால்சாமி எல்லோரையும் தனக்குப் பின்னால் வரச் சொன்னார். குழல் மணலிலேயே இருக்க, முதலில் பிடியின் அடியிலிருந்து தோட்டாக் கூட்டை இழுத்து எடுத்தார். அது எளிதில் வரவில்லை. அதை ஓரமாக வைத்தார். பிறகு பூட்டின் இருபுறமும் நீட்டியிருந்த காதுகளைப் பிடித்து மயிரிழை அளவு பின்னால் இழுத்து, சிக்கிய தோட்டாவை இரண்டு விரலால் உருவினார். ஒரு வெள்ளைத் துணியில் படுக்க வைத்தார். தோட்டாவின் கழுத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, காலி என்று மூன்று முறை வாய்விட்டுச் சொன்னார். மூன்று முறை சொல்வது அவர்கள் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பிஸ்டலைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்தார்.

"சார், இங்கன பாருங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். நானும் தூணைவிட்டு இரண்டு அடி நகர்ந்தேன், யாரும் தடுக்கவில்லை. பின்பக்கம் இருந்த சிறு சுத்தியின் அடியில், அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இருக்க வேண்டிய இடத்தில், பழுப்பாக ஏதோ இறுகியிருந்தது. மேலே புதிய மஞ்சள், கீழே அடுக்கடுக்காகப் பழையது. செங்கல் போலக் கெட்டியாக இருந்தது.

"சந்தனம்" என்றார் பால்சாமி. "நல்லெண்ணெயும் சேந்து மெழுகாட்டம் ஒறஞ்சிருக்கு. வருசா வருசம் பூசிருக்காக. தொடச்சது மேலாக்கத்தான். கொக்கி பள்ளத்துல முழுசா ஒக்காரவே எடம் இல்ல."

"அதனால?"

"காட்டுறேன் சார். எதையும் சுரண்ட மாட்டேன், லேபுக்கு இப்படியே போகணும். ஒரு பென்சில் குடுங்க."

ஸ்டேஷன் எழுத்தர் தன் பென்சிலைக் கொடுத்தார். பின்னால் ரப்பர் வைத்த பென்சில். பால்சாமி பிஸ்டலின் வாயை வானத்தைப் பார்க்கப் பிடித்து, ரப்பர் முனை கீழே இருக்கும்படி குழலுக்குள் பென்சிலை விட்டார். சுத்தி விழுந்து உள்ளே ஊசி அடித்தால் பென்சில் துள்ளும் என்று விளக்கினார். விசைப்பக்கம் விரலே இல்லை என்பதை எல்லோரும் பார்க்கும்படி பிடியை மாற்றிக்கொண்டார். காதுகளைப் பிடித்து முழுக்கப் பின்னால் இழுத்து விட்டார். பூட்டு சட்டென்று முன்னால் போய் அடைத்தது. சுத்தி நின்றது. பென்சில் அசையவில்லை.

எனக்கு ஸ்டேஷன் லாக்கப்பின் கம்பிக்கதவு ஞாபகம் வந்தது. குருசாமி அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். இங்கே நடப்பது அவருக்குத் தெரியாது.

பால்சாமி மறுபடி இழுத்து விட்டார். இந்த முறை பூட்டு அடைத்த மறுகணம் சுத்தி தானாக விழுந்தது. பென்சில் குழலைவிட்டு எகிறி மணல் வாளிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

மறுபடியும் செய்தார். விழுந்தது. அடுத்த தடவை நின்றது. அதற்கடுத்த தடவை விழுந்தது.

"நேத்து அந்த ஆளு வெசையத் தொட்டாரா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது சார்" என்றார் பால்சாமி. "தொடாமலே வெடிக்கும்கிறத மட்டும் சொல்ல முடியும். எழுதித் தாரேன்."

"நெத்திக் காயம்?"

"அதக் கேக்கவே வேணாம். மத்த பிஸ்டல்ல வெடிச்ச தோட்டாவோட ஓடு பக்கவாட்டுல தெறிக்கும். இதுல நேரா பின்னால, புடிச்சிருக்கிறவன் மூஞ்சிக்குத்தான் வரும். பட்டாளத்துக்காரன் வேணாம்னதுக்கு அதுவும் ஒரு காரணம்."

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துணியில் கிடந்த தோட்டாவைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அடுத்த தோட்டா ஏன் பாதியில நின்னுச்சு?" என்று கேட்டார்.

"இதோட கொணமே அதுதான சார். கொக்கி நிக்கலேன்னா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு போய்க்கிட்டே இருந்திருக்கும். எதுத்தாப்புல நின்னவர் மேல உள்ள இருந்த அம்புட்டும் எறங்கிருக்கும். ஒழுங்கான துப்பாக்கியா இருந்திருந்தா அந்தத் தம்பி இன்னைக்கு இல்ல."

அவர்கள் படைக்கலக் கொட்டடியிலும் ஆயுத பூஜை உண்டா என்று நான் கேட்டேன்.

"இல்லாமயா. நேத்துத்தான் பண்ணுனோம். பொட்டத் துப்பாக்கியோட மரக்கட்டையில வைப்போம், இரும்புல வைக்க மாட்டோம். தோட்டா இருக்கிற ரூமுக்கு அன்னைக்குப் பூட்டு." துணியை மடித்தபடியே சொன்னார். "அந்த வீட்டாளுக பண்ணுனதுல பக்திக்குக் கொறை இல்ல. வெடிக்காதுன்னு நம்பிட்டாக, அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் உடனே க.விலக்குக்குக் கிளம்பினார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். வீரணனுக்கு விடியற்காலையில் நினைவு திரும்பியிருந்தது; பேசலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். துப்பாக்கி தானாக வெடிக்கும் என்பது தெரிந்துவிட்டது. அன்று அது தானாகத்தான் வெடித்ததா என்பதைப் போலீஸ் நம்பும்படி சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அண்ணனோடு மூன்று மாதமாகப் பேசாதவர். அண்ணன் உள்ளே போனால் தோட்டத்தை அளப்பதற்கு அவருக்குத் தடை இருக்காது.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றேன். கதவு சாத்தவில்லை. சித்ரா உள்ளே கட்டிலின் தலைமாட்டில் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. "உங்க அண்ணன் எதுக்கு அந்தத் துப்பாக்கியோட பூட்ட இழுத்தாரு?"

குரல் மெலிதாக வந்தது. இடையிடையே நின்று வந்தது.

"நான்தாங்க இழுக்கச் சொன்னேன். சந்தனம் வைக்கப் போனேன், பழசு அப்பிக் கெடந்துச்சு. 'பின்னால இழுங்கண்ணே, உள்ள தொடச்சிருவோம்'னேன். மூணு மாசத்துக்குப் பெறகு அவுககிட்ட நான் பேசுன மொத பேச்சு அது. சொன்ன ஒடனே இழுத்து விட்டாக, வெடிச்சிருச்சு."

"விரல் எங்க இருந்துச்சு?"

"ரெண்டு கையும் பின்னால காதத்தான் புடிச்சிருந்துச்சு. அடிப்பக்கம் பிடிய வயித்துல அண்டக் குடுத்துக் குனிஞ்சிருந்தாக. வெசைகிட்ட யாரு கையும் இல்ல." பிறகு, "அவுக எங்க?" என்றார்.

"ஸ்டேஷன்ல."

"ஸ்டேஷன்லயா? எதுக்கு?"

சித்ரா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "டிவில நான் பேசுனத நீங்களும் போடுவீகளா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு இன்னைக்குப் பேப்பரே இல்ல" என்றேன்.

அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தின நாளிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடம் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம்.

வழக்கின் பிரிவை இன்ஸ்பெக்டர் அன்று பகலுக்குள் மாற்றினார். கொலை முயற்சி போய், கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தியது என்றானது. குருசாமியை ஸ்டேஷன் ஜாமீனிலேயே விட்டார்கள். லைசென்ஸ் ரத்தாவது உறுதி என்று சொன்னபோது அவர், "அத மொதல்ல செய்யுங்க சார்" என்றார். நெற்றியில் இரண்டு தையல் போட்டிருந்தது. க.விலக்குக்கு எந்த பஸ் போகும் என்று மட்டும் கேட்டார். ஜெயமங்கலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

சாயங்காலம் தங்கவேலு சாருக்கு வாசித்தேன். பூஜைக்காக ஏந்திப் பிடித்திருந்த பழைய பிஸ்டல் வெடித்து விவசாயி காயம் என்பதுதான் முதல் வரி. பென்சில் சோதனை மூன்றாம் பத்தியில். தகராறு கடைசிப் பத்தியில், ஒரே வாக்கியம். அவர் எங்கேயும் "நிறுத்து" என்று சொல்லவில்லை.

"தம்பிக்காரன் எப்படி இருக்கான்?" என்றார். செய்திக்கு வெளியே அவர் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"நல்லா இருக்கார் சார். கஞ்சி குடிச்சார்."

"பாத்தியா, கேட்டியா?"

"பாத்தேன் சார்."

"சரி" என்றார்.

அந்தத் தை மாதம் தோட்டத்தை அளந்து பிரித்தார்கள். கயிற்றின் ஒரு முனையைக் குருசாமி பிடித்தார், மறுமுனையை வீரணன் பிடித்தார்.